இடது கால் பூட்ஸ்

அத்தியாயம் 4

கயிறு துண்டு துண்டாகக் கிடந்தது. மச்சு அறையின் சிமெண்டுத் தரையில், யாரோ புடலங்காயை அரிந்து பரப்பி வைத்த மாதிரி.

“திருடன் அவியல் வைக்கலாம்னு பாத்திருக்கான் அண்ணாச்சி,” என்றான் ஹாஜா. “தேங்காய் கிடைக்கல போல. போட்டுட்டுப் போயிட்டான்.”

“வாய மூடுலே.”

சங்கிலிபூதத்தான் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். போலீசில் ஏட்டாக இருந்து தலை நரைத்து வெளியே வந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு அவரை விட்டது. யார் எது சொன்னாலும் பாதியைத்தான் நம்புவார். எந்தப் பாதி என்று சொல்ல மாட்டார். வண்ணாரப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் என்று பலகை மாட்டியிருந்தார். ஹாஜா மேலப்பாளையத்துக்காரன், நாற்பது தாண்டியவன், அவருக்கு டிரைவர், உதவியாள், எல்லாம். அம்பாசடர் வண்டியும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் சுமார்.

வீடு டவுனில், தெற்கு ரத வீதிக்குப் பின்னால். வீட்டுக்காரர் குற்றாலலிங்கம், ஓய்வு பெற்ற சார்பதிவாளர். நெற்றியில் விபூதி, முகத்தில் தூக்கம் இல்லாத களை. அவருடைய ஒரே மகன் நடராஜ் போன வருஷம் ஐப்பசியில் நேபாளத்துக்கு மலை ஏறப் போனான். மேரா என்று ஒரு சிகரம், இருபத்தோராயிரம் அடி. போனவன் திரும்பவில்லை. பனியில் காணாமல் போய்விட்டான் என்று கூட்டிப்போன கம்பெனி தந்தி அடித்தது. உடம்பும் கிடைக்கவில்லை, தகவலும் இல்லை.

இப்போது அவனைத் தேடி அப்பா கிளம்புகிறார். அதே சிகரம். வழிகாட்டி வைத்து, பயிற்சி எடுத்து, முறையாக. சுவரில் நேபாளப் படம். அதில் கோரக்பூர் ரயிலிலிருந்து காட்மாண்டு, அங்கிருந்து குட்டி விமானத்தில் லுக்லா, அப்புறம் நடை, கணவாய், பனிப்பாளம், மேல் கூடாரம் என்று சிவப்புப் பென்சில் கோடு ஏறிக்கொண்டே போனது. கட்டிலில் பனிக்கோடாரி, பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள், ஸ்டவ், கம்பளி உறை. பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பருப்புப்பொடி, சுக்குப்பொடி. கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பூட்ஸ். வலது கால் மட்டும்.

“முந்தாநாள் இடது கால் பூட்ஸ் போச்சு. இன்னைக்குக் கயிறு,” என்றார் குற்றாலலிங்கம். “நான் நொண்டி அடிச்சே ஏறுவேனான்னு சோதிக்கான் போல.”

“யார் மேலயாவது சந்தேகம் உண்டா?”

“இல்ல. சந்தேகத்துல நான் எதையும் சொல்லமாட்டேன். பத்திர ஆபீஸ்ல சாட்சி நேர்ல வந்து நிக்காம ஒரு பத்திரத்தப் பதிஞ்சதில்ல. கண்ணால பாத்தேன்னு ஒருத்தன் சொல்லணும், ஏட்டையா. அப்பதான் அது நடந்ததா அர்த்தம்.”

அவர் மனைவி ஞானம்பாள் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கயிற்றுத் துண்டுகளை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனாள், கோலத்தைச் சுற்றிப் போகிறவள் மாதிரி.

பூதத்தான் துண்டின் நுனியை விரலால் தடவினார். கண்ணாடி மாதிரி வழவழவென்று உருகி உறைந்திருந்தது. அடுத்த துண்டு, அதற்கடுத்தது. எல்லாமே அப்படித்தான்.

“வெட்டிட்டு நுனியச் சுட்டிருக்கான்லே.”

“பாவம், காயத்துக்கு மருந்து போட்டிருக்கான்.”

“இந்தக் கயித்துல ஆளக் கொல்லணும்னா என்ன செய்வ?”

“உள்ள பாதி இழைய மட்டும் அறுத்து வைப்பேன். வெளிய தெரியாது.”

“இவன் நடு அறையில விரிச்சு வச்சிட்டுப் போயிருக்கான். இத நம்பி ஏறிராதீயன்னு சொல்லிட்டுப் போன மாதிரி.” பூதத்தான் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். “வேண்டாதவன் செஞ்ச வேல இல்ல. வேண்டியவன் செஞ்சது.”

குற்றாலலிங்கம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வழிகாட்டி பர்னபாஸ் பாளையங்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தான். மணப்பாட்டுக்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து, மலை ஏறப் படித்துக்கொண்டு வந்தவன். கடலை விட்டுவிட்டு மலைக்குப் போன பரதவனைப் பூதத்தானுக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

“கயித்த வெட்டினது நீராவே?”

பர்னபாஸ் சிரித்தான். “எங் கயித்த நானே வெட்டிட்டா மலையில நான் எதுல தொங்க?”

“நுனி சுட்டிருக்கு.”

சிரிப்பு நின்றது. துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். “மலைக்காரன் கை ஏட்டையா. இந்தக் கயித்த வெட்டினா நுனிய உடனே மெழுகுவத்தியில காட்டணும். இல்லேன்னா பிரிஞ்சு போவும். பழகினவனுக்கு அது யோசிக்காமலே வரும். மீன் அறுத்தவன் கைய மோந்து பாக்க மாதிரி.”

“பழகினவன் யாரு?”

“இந்த ஊருல ரெண்டு பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு சிவகணேஷ். பெரியவரோட தம்பி மவன். போன வருசம் நடராஜ் கூட அந்த மலைக்குப் போனவன். இந்தத் தடவையும் வாரான்.”

“அவன் எப்படி?”

“நல்ல பையன். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில வேல. பேசமாட்டான். கயித்துல நாங்க மூணு பேரு, பாத்துக்கிடுங்க. முன்னால நான், நடுவுல பெரியவரு, கடைசியில அவன். ஒருத்தன் வழுக்குனா மத்த ரெண்டு பேரு பிடிக்கணும். அதனால கூட வாரவன் எப்படி நடக்கான், எங்கன மூச்சு வாங்குதான், எல்லாம் பாத்துக்கிட்டே இருப்பேன். மணிமுத்தாறுலேந்து மாஞ்சோலைக்கு மணல் மூட்டை சொமந்து நடக்கவிட்டேன். பெரியவரு என்னையே முந்திட்டாரு. பெறவு பண்பொழி திருமலைக்கோயில். படி ஏறி எறங்கி, ஏறி எறங்கிப் பழகலாம்னு கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு சிவகணேஷுக்கு முட்டுவலி. அடிவாரத்துலயே உக்காந்துட்டான். தொணைக்குப் பெரியவரும் கூட இருந்துட்டாரு. நான் ஒத்தையில ஏறி எறங்கினேன், கிறுக்கன் மாதிரி.”

“வேற?”

பர்னபாஸ் தலையைச் சொறிந்தான். “தேதி ஒண்ணு இடிக்கி. புரட்டாசிக் கடைசியில போனா வானம் தெளிவா இருக்கும்னேன். கேக்கல. ஐப்பசி முழுசாக் கழியட்டும், கார்த்திகையில போவோம்னு ஒத்தக் கால்ல நிக்காரு. குளிர் கொல்லும்னு சொல்லியாச்சு.”

“ஒத்தக் கால்ல நிக்கட்டும்னுதான் ஒருத்தன் ஒரு பூட்ஸ எடுத்துட்டான்,” என்றான் ஹாஜா.

பர்னபாஸ் அதற்குச் சிரிக்கவில்லை. “ஏட்டையா, நான் எத்தனையோ பேரக் கூட்டிட்டுப் போயிருக்கேன். எல்லாவனும் மொதல்ல எறங்குததப் பத்தித்தான் கேப்பான். எப்படி எறங்க, எத்தன நேரம் ஆவும், வழி தப்புனா என்ன செய்யன்னு. பெரியவரு இது வரைக்கும் எறங்குததப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. ஏறிருவாரு. எறங்குவாரான்னு எனக்குத் தெரியல.”

பூதத்தான் வழக்கம்போல் பாதியைத்தான் நம்பினார். ஆனால் இந்தக் கடைசிப் பாதி தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

*

வண்டி ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் குறைவாக, பாறையை நக்கிக்கொண்டு ஓடியது. நாலைந்து பேர் மொட்டைத் தலையோடு கரை ஏறினார்கள். யார் வீட்டுக் காரியமோ.

“வண்டிய நிறுத்துலே!”

“பாலத்துலயா? நிறுத்தினா பின்னாலயே போலீஸ் வருவான். உங்க ஆளுவதான், ஆனா உங்கள மாதிரி நல்லவனா இருக்கமாட்டான்.”

“எங்க அண்ணன் செத்த வருசம் எம் மவ, பிள்ளைக்கு முடி எறக்க திருமலைக்கோயிலுக்குப் போனா. நானும் போனேன். அடிவாரத்துல உக்காந்திருந்தேன். விபூதி கீழ கொண்டுவந்து குடுத்தாவ.”

“ஏன், உங்களுக்கும் முட்டுவலியா?”

“ஒனக்குத் தெரியாதுலே. எங்கள்ல பங்காளி வீட்டுல சாவு விழுந்தா வருசம் திரும்புத வரைக்கும் மலைக்கோயில் ஏறமாட்டோம்.”

ஹாஜா கியரை மாற்றாமல் அவரைத் திரும்பிப் பார்த்தான். “காணாமப் போனா?”

“காணாமப் போனா ஏறலாம். ஏறணும். முழங்கால் தேய ஏறி, திரும்பி வரணும்னு முருகங்கிட்ட அழணும்.” பூதத்தான் வெற்றிலைப் பையை மூடினார். “மாஞ்சோலை மலையில மூட்டை சொமந்தவனுக்குக் கோயில் படியப் பாத்ததும் முட்டு வலிச்சிருக்கு. அவனுக்கு வலி முட்டுல இல்ல. அந்தப் பர்னபாஸ் வேதக்காரன். அவனுக்கு வெளங்கல.”

“அப்பம் நடராஜு...”

“கங்கைகொண்டானுக்கு விடு. அந்தப் பய அங்கன தொழிற்பேட்டையிலதான வேல பாக்கான்?”

*

தொழிற்பேட்டை வாசலில் ஒரு தேநீர்க்கடை, ஒரு வேப்பமரம், நாள் முழுக்க அடிக்கிற காற்று. சிவகணேஷ் கம்பெனிச் சட்டையோடு வெளியே வந்தான். நெடுநெடுவென்று இருந்தான். தோள் மட்டும் கிழவன் தோள் மாதிரி முன்னால் விழுந்திருந்தது.

பூதத்தானுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“நடராஜ் எப்படிலே செத்தான்?”

பையன் தூக்கிய டீ கிளாஸ் பாதியில் நின்றது. “காணோம்னுதான...”

“முட்டு எப்படி இருக்கு?”

சிவகணேஷ் அவரைப் பார்த்தான். அப்புறம் வேப்பமரத்தைப் பார்த்தான். கிளாஸை பெஞ்சில் வைக்கப் போய், விளிம்பில் வைத்தான்; அது கீழே விழுந்து உடைந்தது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; ஹாஜா கையைக் காட்டி அவரை அடக்கினான். ஹாஜா வாயைத் திறக்காமல் ஒரு காரியம் செய்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

“மேல் கூடாரத்துக்குப் பக்கத்துலதான் ஐயா,” என்றான் சிவகணேஷ். “சமதளம் மாதிரி இருக்கும். கூடாரம் வந்துட்டுன்னு கயித்த அவுத்துட்டோம். வெயில் பனியில பட்டு அப்படியே வெள்ளியா மின்னிச்சு. ‘அம்மாவுக்குக் காட்ட ஒரு போட்டா எடுக்கேம்லே’ன்னு நாலு எட்டு அங்கன தள்ளிப் போனான். பனி வாய் தொறந்துட்டு.”

“வெடிப்பா?”

“ஆமா. மேல மெல்லிசாப் பனி மூடியிருக்கும், தெரியாது. நான் கவுந்து படுத்துக் கூப்பிட்டேன். கொரல் வந்துச்சு. ரொம்ப ஆழத்துலேந்து, கிணத்துக்குள்ளேந்து வார மாதிரி. வழிகாட்டி ஆளுவ கயிறு விட்டாங்க. எட்டல. பெறவு மூடுபனி வந்துட்டு, பனி கொட்டிச்சு. அவங்க என்னைய இழுத்துட்டுப் போற வரைக்கும் நான் அங்கனதான் படுத்துக் கெடந்தேன். கடைசியா அவன் சொன்னது என் காதுல மட்டுந்தான் விழுந்துச்சு.”

“என்ன சொன்னான்?”

“‘அம்மாட்டச் சொல்லிராதலே.’” சிவகணேஷ் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். “பெறவு கொரல் இல்ல. மறுநா போனா எது எந்த எடம்னே தெரியல. எல்லாம் ஒரே வெள்ளை. ஒடம்பு இல்லாததால கம்பெனிக்காரன் காணோம்னு எழுதிட்டான். எனக்கு அது வசதியாப் போச்சு. பெரியம்மா என் மொகத்தப் பாத்து, ‘வந்துருவான்லா சிவா’ன்னு கேட்டாவ. நான் தலையாட்டிட்டேன் ஐயா. ஒரு தடவ ஆட்டின தலைய பெறவு எப்படி நிறுத்த?”

காற்று வேப்பங்கொட்டைகளை உருட்டிக்கொண்டு போனது.

“அவன உசிரோட தேடிப் பெரியப்பா போறாரு. அந்த வெடிப்பு அங்கனதான் இருக்கு. அவருக்கு வயசு என்ன! போவாதீயன்னு சொல்லணும்னா ஏன்னு சொல்லணும். அதான் கயித்த வெட்டினேன்.”

“வெட்டினவன் நுனிய எதுக்குலே சுட்ட?”

அவனே அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறவன் போல விழித்தான். “சுட்டேனா? கை பழகிப்போச்சு.”

“பூட்ஸ எங்கன வச்சிருக்க?”

“எந்தப் பூட்ஸு?”

“பெரியப்பாவோட இடது கால் பூட்ஸு.”

“அத நான் எடுக்கலியே, ஐயா.”

பூதத்தான் யார் சொல்வதிலும் பாதியைத்தான் நம்புவார். இதை முழுதாக நம்பிவிட்டார். அது அவருக்கே பிடிக்கவில்லை.

*

சிவகணேஷைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். தச்சநல்லூர் தாண்டியாயிற்று. ஹாஜாவுக்கு அவ்வளவு நேரம் வாய் தாங்காது.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? அடிவாரத்துல உக்காந்தது ரெண்டு பேர்லா. அந்த முட்டுவலிய ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு காலுன்னு பங்கு வச்சிக்கிட்டாவளோ?”

சொன்னவன் தன் தமாஷுக்குத் தானே சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான். ஏனென்றால் பூதத்தான் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கண்ணாடி வழியாக முன்னால் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழட்டுப் போலீஸ்காரனுக்கு வெட்கம் வந்தால் முகம் அப்படித்தான் ஆகும். இருபது வயசுப் பையனைப் போல மணல் மூட்டை சுமந்த மனுஷன், கோயில் படியில் கால் வைக்காமல் துணைக்கு உட்கார்ந்தாராம். ஐப்பசி முழுசாகக் கழியட்டும் என்றாராம். எல்லாம் கண் முன்னாலேயே கிடந்தது, அந்தக் கயிற்றுத் துண்டுகள் மாதிரி.

“ஏலே சிவா. அன்னைக்கு அடிவாரத்துல என்ன பேசினீய?”

“ஒண்ணும் பேசல ஐயா. பெரியம்மா கட்டிக்குடுத்த புளியோதரையச் சாப்பிட்டோம். மழ வருமான்னு பெரியப்பா கேட்டாரு. வராதுன்னேன்.” கொஞ்ச தூரம் போனதும் பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மூச்சு மாட்டிக்கொண்ட மாதிரி. “ஐயா... பெரியப்பாவும் ஏறலியே.”



*

குற்றாலலிங்கம் மச்சு அறையில்தான் இருந்தார். ஒற்றை பூட்ஸை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சிவகணேஷைப் பார்த்ததும் துடைக்கிற கை நின்றது.

“கயித்த வெட்டினது இவன்தான்,” என்றார் பூதத்தான். “ஏன்னு ஒங்களுக்கே தெரியும்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்களும் திருமலைக்கோயில்ல ஏறல சார்.”

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார், சத்தம் வராமல்.

“எப்பலேந்து தெரியும்?” என்று கேட்டார் பூதத்தான். ஸ்டேஷனில் கேட்கிற குரலில் அல்ல.

“வந்த அன்னைக்கே தெரியும். ஜங்ஷன்லேந்து நான்தான் இவன ஜட்காவுல கூட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வரல. ‘பெரியப்பா, மூணு நாள் ரயிலு, ஒடம்பெல்லாம் கரி, குறுக்குத்துறை ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வாரேன்’ன்னான். சரின்னேன். கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். உடுத்த துணியோட எறங்கினான் ஏட்டையா. செருப்பக்கூடக் கழத்தி வேற பக்கம் போட்டுட்டான். மூணு முங்கு முங்கி எந்திரிச்சான். அழுக்குப் போகக் குளிக்கவன் அப்படியா குளிப்பான்? சாவு வீட்டுலேந்து வாரவன்லா அப்படி முங்கிட்டு வீட்டுப் படி ஏறுவான்.”

சிவகணேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டான். “பெரியப்பா, நான் தெரிஞ்சு செய்யல. அதுவா வந்துட்டு.”

“தெரியும்லே. அதான் நம்பினேன். வாயால சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.” அவர் குரல் உடையவில்லை, தேய்ந்தது. “நீ சொல்லுவ சொல்லுவன்னு நான் காத்துக் கெடந்தேன்.”

“நீங்க கேப்பீய கேப்பீயன்னு நான் காத்துக் கெடந்தேன்.”

“தெரிஞ்ச பெறவு எதுக்கு சார் இந்த மலை?” என்றார் பூதத்தான். “இந்தக் கயிறு, கோடாலி, இந்த வயசுல?”

“இவளுக்காகத்தான்.” குற்றாலலிங்கம் கீழே அடுக்களைப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். “காரியம் செய்யணும்னா சொல்லணும். சொன்னா என்ன கேப்பா? ‘நீங்க பாத்தீயளா’ன்னு கேப்பா. பாக்கலன்னா நம்பமாட்டா. நம்பாம எப்படித் தாங்குவா? நான் ஏறி, அந்த எடத்துல நின்னு, கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும். சாட்சி இல்லாம ஒரு தாயிட்ட எத ஏட்டையா பதிய? அது சிவன் இருக்க மலை, தீட்டோட மிதிக்கப்பிடாதுன்னுதான் வருசம் கழியட்டும்னேன்.”

“எறங்கி வரலேன்னா?”

“அது எனக்குத் தோணாம இல்ல. தோணுதப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

படியில் கொலுசுச் சத்தம் இல்லாத காலடி. ஞானம்பாள் மேலே வந்து நின்றாள். காப்பி கொண்டுவரவில்லை. அவள் கையில் இடது கால் பூட்ஸ் இருந்தது. அரிசிப் பானைக்குள் கிடந்திருக்க வேண்டும். மடிப்பெல்லாம் வெள்ளைத் தவிடு. அதை முந்தானையால் துடைத்து, வலது கால் பூட்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஜோடியாக வைத்தாள். நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள்.

“ஞானம்...” என்றார் குற்றாலலிங்கம்.

“அன்னைக்கு இவன் ஈரத்துணியோட வந்து நின்னான்,” என்றாள் அவள். “அதப் பிழிஞ்சு கொடியில காயப்போட்டது யாருன்னு நெனச்சீய?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஹாஜா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“நீங்க ரெண்டு பேரும் அவன் இருக்கான் இருக்கான்னு எனக்காகச் சொல்லுதீயன்னு தெரியும். சொல்லிக்கிட்டிருக்கட்டும், அது வரைக்கும் அந்தப் பேச்சாவது இந்த வீட்டுல இருக்கட்டும்னு நானும் வந்துருவான்லான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பொடி இடிச்சுக் கட்டிக் குடுத்தேன். ஆனா நீங்க திரும்பி வாரதப் பத்திப் பேசவே இல்ல. அதான் செருப்ப எடுத்து ஒளிச்சேன்.” அவள் பூட்ஸைச் செருப்பு என்றுதான் சொன்னாள். “இந்தா இருக்கு. போறதுன்னா ரெண்டு காலுக்கும் போட்டுக்கிட்டுப் போங்க. ஆனா, பாத்துட்டு வந்து நீங்க சொல்லித் தெரிய வேண்டிய ஆளு இங்கன யாருமில்ல.”

குற்றாலலிங்கம் எழுந்திருக்கப் பார்த்தார். சிவகணேஷ் ஓடிப்போய்ப் பிடித்தான். பெரியவர் அவன் தோளில் முகத்தை வைத்து, வருஷம் முழுக்க வாங்காத மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே அழுகையாக அழுதார். ஞானம்பாள் அழவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

“என்ன சொன்னான்லே, கடைசியா?” என்று கேட்டாள்.

சிவகணேஷ் பூதத்தானைப் பார்த்தான். சொல்லு என்று பூதத்தான் தலையை ஆட்டினார்.

“‘அம்மாட்டச் சொல்லிராதலே’ன்னான், பெரியம்மா.”

அப்போதுதான் அவளுக்கு முகம் கோணியது. “போவட்டும்,” என்றாள். “போவட்டும். நீ சொல்லல.”

கொடியிலிருந்து மூன்று துண்டை எடுத்து, மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். “வாங்க. எல்லாருமாப் போயி முங்கிட்டு வருவோம்.”

*

குறுக்குத்துறையில் வெயில் சாய்ந்திருந்தது. அம்பாசடரை ஹாஜா மருதமரத்து நிழலில் நிறுத்தினான். மூன்று பேரும் படி இறங்கிப் போனார்கள், நடுவில் அவள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றார்கள். பிறகு ஒன்றாகக் குனிந்தார்கள். ஆறு மூன்று தலைகளையும் மூடிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியது. எழுந்தார்கள். மறுபடி முங்கினார்கள்.

“என்னலே, ஒண்ணும் சொல்லாம இருக்க?” என்றார் பூதத்தான்.

“வாய் வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

பூதத்தான் சட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியோடு படியில் கால் வைத்தார்.

“நீங்க எதுக்கு எறங்குதீய?”

“வீட்டுக்குப் போவணும்லா,” என்றார். “சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கோம்.”